பெர்ஃபெக்ட் கேம்: மான்டெர்ரே பொடியன்களின் படமும் 1957-ல் நடந்த ஆட்டமும்

படச்சுருள்

பள்ளித் திரைப்பட மன்றத்தில் 6, 7-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'தி பெர்ஃபெக்ட் கேம்' போடலாமா என்று ஒரு யோசனை. வில்லியம் டியர் இயக்கிய படம், அமெரிக்காவில் 2010-ல் வெளியானது. மெக்சிகோவின் மான்டெர்ரே நகரத்துச் சிறுவர்கள் 1957-ல் எல்லை தாண்டிப் போய், சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் உலகத் தொடரை ஜெயித்த கதை. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கக்கூடிய படம்தான், அதில் சந்தேகம் இல்லை. இந்த இழையில் உங்களிடம் கேள்வி இரண்டு. கிரிக்கெட் தவிர வேறெதுவும் தெரியாத பிள்ளைகளுக்குப் படம் போடும் முன் பத்து நிமிஷத்தில் எதைச் சொல்லவேண்டும்? படத்தில் வருவதில் எவ்வளவு உண்மை?

மூன்றாம்பேஸ்

முதல் கேள்விக்கு மட்டும் என் பதில். ரன் எப்படி எடுப்பது என்று ஆரம்பிக்காதீர்கள். அவுட்டிலிருந்து ஆரம்பியுங்கள். பேஸ்பால் அவுட்டை எண்ணுகிற ஆட்டம். ஓவர் கிடையாது, நேரக் கணக்கும் கிடையாது. மூன்று பேர் அவுட்டானால் பக்கம் மாறும். பெரியவர்களுக்கு 9 இன்னிங்ஸ், லிட்டில் லீக்கில் 6. ஆக ஒரு அணிக்கு மொத்தம் 18 அவுட். இந்த 18 மனதில் நின்றுவிட்டால் படத்தின் கடைசி அரை மணி நேரத்துக்கு விளக்கமே தேவைப்படாது.

அடுத்தது ஸ்ட்ரைக், பால். பேட்ஸ்மேன் பக்கத்தில் நிற்கிற தரைப்பலகைக்கு (ஹோம் ப்ளேட்) மேலே, அவனுடைய முழங்காலுக்கும் அக்குளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வரும் பந்தை அடிக்காமல் விட்டால் ஸ்ட்ரைக். மட்டையை வீசித் தவறவிட்டால் பந்து எங்கே போயிருந்தாலும் ஸ்ட்ரைக். மூன்று சேர்ந்தால் அவுட். அந்தப் பெட்டிக்கு வெளியே போகிற பந்தை அவன் தொடாமல் விட்டால் அது 'பால்', நம் வைடு மாதிரி. நான்கு சேர்ந்தால் முதல் பேஸுக்கு (ஓடுகிற சதுரத்தில் ஹோமுக்கு அடுத்த மூலை) சும்மா நடந்து போகலாம், அதற்குப் பெயர் வாக்.

நம் பிள்ளைகள் வழக்கமாகக் குழம்புகிற இடங்கள் மூன்று. மட்டையில் பட்டு உள்ளே விழுந்த பந்துக்கு ஓடியே ஆகவேண்டும், கிரிக்கெட் மாதிரி தட்டிவிட்டு நிற்க முடியாது. இரண்டாவது, பின்பக்கம் போகிற அடிக்கு மதிப்பில்லை. லேட் கட், லெக் கிளான்ஸ் எல்லாம் இங்கே ஃபவுல். ஃபவுலும் ஸ்ட்ரைக் கணக்கில் சேரும், ஆனால் மூன்றாவது ஸ்ட்ரைக்காகச் சேராது (பண்ட், அதாவது மட்டையை வீசாமல் மெல்லத் தட்டப்போய் ஃபவுலானால் சேரும்). மூன்றாவது, ஃபோர்ஸ் அவுட். பின்னால் ஒருவன் வருவதால் முன்னால் உள்ளவன் இடத்தைக் காலி செய்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், ஃபீல்டர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த பேஸை மிதித்தாலே போதும், அவுட். அந்தக் கட்டாயம் இல்லாத இடத்தில் ஓடுகிறவனைப் பந்தால் தொடவேண்டும். இதைச் சொல்லாவிட்டால் "தொடவே இல்லையே, எப்படி அவுட்?" என்று படம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

ஸ்கோர்புக்

படத்தின் தலைப்பையும் விளக்கவேண்டும். பலர் நோ-ஹிட்டரையும் பெர்ஃபெக்ட் கேமையும் ஒன்றாக நினைக்கிறார்கள். நோ-ஹிட்டர் என்றால் எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்து பேஸ் சேர்வது) கிடைக்கவில்லை, அவ்வளவுதான். வாக் கொடுத்திருக்கலாம், ஃபீல்டர் பந்தைக் கோட்டைவிட்டு ஒருவன் பேஸுக்குப் போயிருக்கலாம். பெர்ஃபெக்ட் கேமில் எந்த வழியிலும் ஒருவன்கூட முதல் பேஸில் கால் வைத்திருக்கக் கூடாது. 18 பேர் வந்தார்கள், 18 பேரும் திரும்பினார்கள். அதனால் அதைப் பந்தை எறியும் பிட்ச்சரின் சாதனை என்று மட்டும் எழுதுவது அரைகுறை. ஒரு ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) ஒரு பந்தைத் தடுமாறிப் பிடித்து, அதனால் ஒருவன் முதல் பேஸ் சேர்ந்துவிட்டால் கதை முடிந்தது.

பால் எண்ணிக்கை மூன்றாகி, ஸ்ட்ரைக் எதுவும் இல்லாத நிலைதான் இதில் வயிற்றைக் கலக்குகிற இடம். இன்னொரு பந்து வெளியே போனால் வாக், பெர்ஃபெக்ட் போச்சு. அதற்குப் பயந்து நேராக நடுவில் போட்டால் அடி விழும். இதை முன்கூட்டிச் சொல்லிவைத்தால் திரையில் எண்ணிக்கை ஏறும்போது பிள்ளைகளே மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

பழையபேப்பர்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எலும்புக்கூடு முழுக்க உண்மை. சதை மட்டும் ஆங்காங்கே சினிமா.

மான்டெர்ரே இண்டஸ்ட்ரியல் லீக் அணி, 14 பையன்கள், பயிற்சியாளர் சீசர் ஃபாஸ். எல்லை நகரமான ரெய்னோசாவிலிருந்து பாலத்தை நடந்தே கடந்து டெக்சாஸில் மெக்காலன் ஊருக்குப் போனார்கள். கையில் மூன்று நாள் விசா. முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பிவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், ஊரிலேயேகூட. திரும்பவில்லை. மெக்காலன், ஃபோர்ட் வொர்த், கென்டக்கியின் லூயிவில் என்று ஜெயித்துக்கொண்டே பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட் வரை போனார்கள். அங்கே அரையிறுதியில் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் அணியை 2-1 என்று மயிரிழையில் தாண்டினார்கள். இறுதி ஆட்டம் 1957 ஆகஸ்ட் 23, எதிரில் கலிஃபோர்னியாவின் லா மேசா. 12 வயது ஆங்கெல் மசியாஸ் பிட்ச் போட்டான். 18 பேர், 11 ஸ்ட்ரைக்அவுட், 4-0. அமெரிக்காவுக்கு வெளியேயிருந்து வந்து பட்டம் வென்ற முதல் அணி அது. உலகத் தொடரின் இறுதி ஆட்டத்தில் பெர்ஃபெக்ட் கேம் என்றால் இன்றுவரை அது ஒன்றுதான்.

இன்று தொலைக்காட்சியில் தெரிகிற மேடும் புல்சரிவும் கொண்ட லமாட் ஸ்டேடியம் வேறு. அது 1959-ல் தெற்கு வில்லியம்ஸ்போர்ட்டில் திறந்தது. 1957-ல் ஆடியது நகருக்குள் நான்காம் தெருவில் இருக்கும் பழைய மைதானத்தில்.

கத்தரிமேசை

படத்தை வெட்டிப் பார்க்கிற கண்ணோடு சில குறிப்புகள்.

இந்த வகைப் படங்களுக்கு ஒரே பெரிய சிக்கல், நடிக்கத் தெரிந்த பையனுக்கு எறியத் தெரியாது, எறியத் தெரிந்தவனுக்கு நடிக்க வராது. எறிதல் மட்டும் ஏமாற்ற முடியாத அசைவு. வலக்கையால் எறிகிறவன் இடது காலை முன்னே வைக்கவேண்டும், இடுப்பு முதலில் திரும்பி, அதற்கப்புறம்தான் தோள் வரவேண்டும், முழங்கை தோள் உயரத்துக்குக் குறையக் கூடாது, பந்து போன பிறகும் கை இடது முட்டிக்குக் குறுக்கே இறங்கவேண்டும். பழகாத பையனுக்கு இடுப்பும் தோளும் சேர்ந்தே திரும்பும், முழங்கை தொங்கும், கை பாதியில் நின்றுவிடும். சில வாரப் பயிற்சியில் இதைச் சரிக்கட்டுவது கஷ்டம். அதனால் எடிட்டர் செய்வது: கையை உயர்த்தும்வரை நடிகனின் முகம், வெட்டு, முதுகுப்பக்கமிருந்து ஆள்மாற்று எறிவது, வெட்டு, கேட்ச்சரின் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) கிளவுஸில் 'தப்' என்ற சத்தம். அந்தச் சத்தம்தான் பாதி வேகத்தைத் தருகிறது. ஒரே ஷாட்டில் பந்து கையைவிட்டுக் கிளம்பி ப்ளேட் சேர்வதை எத்தனை முறை காட்டுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எந்தப் படத்தை எடுத்தாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எறிகிற கைக்கு எதிர்க் கையில்தான் கிளவுஸ் இருக்கவேண்டும். படச்சட்டத்தை இடவலமாகப் புரட்டிப்போட்ட இடங்களில் இது மாட்டிக்கொடுத்துவிடும், சட்டையில் எழுத்தும் கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டுவிடும். பேஸைச் சுற்றி ஓடுகிறவன் நேர்கோட்டில் போய்த் திடுமென்று 90 டிகிரி திரும்பினால் அவன் நடிகன். ஆடத் தெரிந்தவன் பேஸுக்குக் கொஞ்சம் முன்பே வெளியே வளைந்து, உள்மூலையை மிதித்துத் திரும்புவான்.

மூன்றாம்பேஸ்

கிளவுஸ் பேச்சு வந்ததால் இது. மசியாஸ் இரண்டு கையாலும் எறியக்கூடியவன். இறுதி ஆட்டத்தில் வலக்கைதான். இரு கையாலும் எறிவது பெரியவர்கள் ஆட்டத்தில் அவ்வளவு அபூர்வம் என்பதால் 2008-ல் பாட் வெண்டிட் என்ற இரு கை பிட்ச்சருக்காகவே அமெரிக்காவில் விதி எழுதவேண்டியிருந்தது: எந்தக் கை என்று பிட்ச்சர் முதலில் காட்டவேண்டும். இல்லாவிட்டால் இவர் கையை மாற்ற, பேட்ஸ்மேன் பக்கத்தை மாற்ற, பொழுது விடிந்துவிடும்.

படச்சுருள்

நன்றி. பழையபேப்பர் ஐயா, ஒரு சந்தேகம். படம் பார்த்தால் பாதிரியாரின் ஜெபமும் பையன்களின் மனவுறுதியும்தான் ஜெயித்தது என்று தோன்றுகிறது. ஆள் பாதி அளவு இருந்துகொண்டு எப்படி ஜெயித்தார்கள்?

பழையபேப்பர்

பாதி அளவு இல்லை, ஆனால் வித்தியாசம் பெரிதுதான். மான்டெர்ரே பையன்களின் சராசரி 4 அடி 11 அங்குலம், 92 பவுண்டு. லா மேசா 5 அடி 4 அங்குலம், 127 பவுண்டு. நம் கணக்கில் 150 செ.மீ., 42 கிலோவுக்கு எதிராக 163 செ.மீ., 58 கிலோ. 12 வயதில் 16 கிலோ என்பது வேறு வகுப்புப் பையன் மாதிரி இருக்கும். மனவுறுதியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பணம் குறைவு, சாப்பாடு குறைவு, ஆங்கிலம் தெரியாது, வீட்டைவிட்டு வாரக்கணக்கில் வெளியே.

மூன்றாம்பேஸ்

மனவுறுதி எதிரணிக்கும் இருந்திருக்கும் ஐயா. உலகத் தொடர் இறுதிக்கு வந்த அணி சும்மா வரவில்லை. ஜெயித்ததற்கான காரணம் மைதானத்தின் அளவில் இருக்கிறது, படம் அதைச் சொல்லவே இல்லை.

லிட்டில் லீக்கில் இன்றைய அளவுப்படி பிட்ச்சருக்கும் ப்ளேட்டுக்கும் 46 அடி, 14.02 மீட்டர். பெரியவர்களுக்கு 60 அடி 6 அங்குலம், 18.44 மீட்டர். 46 அடியிலிருந்து மணிக்கு 70 மைலில் வரும் பந்து, பேட்ஸ்மேனுக்குக் கிடைக்கும் நேரத்தின் கணக்கில், பெரியவர்கள் தூரத்தில் 92 மைல் பந்துக்குச் சமம். பிட்ச்சரின் கால் நீட்டலையும் கழித்தால் சுமார் 0.4 விநாடிதான் மிச்சம். 58 கிலோ பையனுக்கும் 42 கிலோ பையனுக்கும் அந்த 0.4 ஒன்றுதான். உடல் பலம் பந்து மட்டையில் பட்ட பிறகுதான் உதவிக்கு வரும். படாவிட்டால்? 11 ஸ்ட்ரைக்அவுட் என்பது அதுதான்.

இந்த வயதில் ஆட்டத்தைத் தோற்கடிப்பவை வாக்கும் எர்ரரும் (ஃபீல்டரின் பிழை). பெரிய அடி அதற்கு அப்புறம்தான். ஒரு வாக், அடுத்தவன் உருட்டிவிட்ட பந்தை மூன்றாம் பேஸ்காரன் அவசரப்பட்டு முதல் பேஸ்காரன் தலைக்கு மேலே எறிவது, இரண்டு ரன். சிறுவர் ஆட்டம் எங்கே நடந்தாலும் ஸ்கோர் ஏறுவது இப்படித்தான். இது இரண்டையும் செய்யாத சின்ன அணி, இரண்டையும் செய்கிற பெரிய அணியை அடித்துவிடும். மான்டெர்ரேயின் நான்கு ரன்னும் ஐந்தாவது இன்னிங்ஸ் ஒன்றிலேயே வந்தவை. மீதி நேரம் முழுக்கத் தடுத்து ஆடிக்கொண்டு காத்திருந்தார்கள். படத்துக்கு இது அலுப்பு, ஆட்டத்துக்கு இதுதான் சூத்திரம்.

கத்தரிமேசை

அலுப்பு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஐந்து இன்னிங்ஸ் தடுப்பாட்டத்தை 11 வயதுப் பிள்ளை முன்னால் ஓட்ட முடியுமா? அப்பா-மகன் பிணக்கைக் கொண்டுவந்து அதன்மேல் ஆட்டத்தை ஏற்றுவது கைத்தொழில். அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். ஸ்லோ மோஷனை மட்டும் பாதியாகக் குறைத்திருக்கலாம்.

ஸ்கோர்புக்

"இன்றைய விதியில் மசியாஸ் அப்படிப் போட முடியாது, பாதியில் இறக்கிவிடுவார்கள்" என்று வேறோர் இழையில் ஒருவர் எழுதியிருந்தார். தவறு. கணக்கைப் பாருங்கள்.

லிட்டில் லீக்கில் 2007 முதல் பந்துகளை எண்ணுகிறார்கள். 11, 12 வயதுக்கு ஒரு நாளைக்கு 85. ஒரு பேட்ஸ்மேன் நடுவில் 85 வந்தால் அவனை முடிக்கலாம். 66-ஓ அதற்கு மேலோ போட்டால் நான்கு நாள் ஓய்வு, 51-65 என்றால் மூன்று, 36-50 என்றால் இரண்டு, 21-35 என்றால் ஒரு நாள். 20 வரை ஓய்வு தேவையில்லை. 41 பந்தோ அதற்கு மேலோ போட்டவன் அன்றைக்குக் கேட்ச்சராகவும் நிற்கக் கூடாது.

11 ஸ்ட்ரைக்அவுட்டுக்குக் குறைந்தபட்சம் 33 பந்து, மற்ற 7 பேருக்கு ஆளுக்கு ஒன்று, ஆக அடிமட்டம் 40. ஆளுக்குச் சராசரி 4.7 பந்து போட்டாலும் 85-க்குள் 18 பேரும் அடங்கிவிடுவார்கள். பெர்ஃபெக்ட் கேமில் பேஸில் ஆள் நிற்காததால் பந்துகள் இயல்பாகவே குறையும். சிக்கல் வேறு இடத்தில். 13 ஆட்டம் கொண்ட பயணத்தில் இரண்டு மூன்று நல்ல பிட்ச்சரை வைத்து ஓட்டியிருந்தால், இன்றைய ஓய்வு நாள் கணக்கில் அட்டவணை கிழிந்துவிடும். இறுதி ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பே உங்கள் முதல் பிட்ச்சரை 65-ஐத் தாண்டவிடாமல் இறக்கும் மனசு கோச்சுக்கு வேண்டும். இன்றைக்குத் தொடர்களில் நடக்கும் நாடகமே அதுதான்: 20, 35, 50, 65 என்ற நான்கு எல்லைகளில் கோச் மவுண்டுக்கு (பிட்ச்சர் நிற்கும் மேடு) நடந்து வருவது.

பழையபேப்பர்

படம் தொட்டுவிட்டு நகர்ந்துபோகும் இன்னொரு விஷயம், நிறவெறி. பிள்ளைகள் கேட்பார்கள், தயாராக இருங்கள். 1957-ல் டெக்சாஸும் கென்டக்கியும் எப்படி இருந்தன என்பதற்கு ஒரு தேதி போதும். பட்டம் வென்ற பையன்களை வெள்ளை மாளிகையில் வரவேற்ற அதிபர் ஐசன்ஹோவர்தான், அடுத்த மாதமே, செப்டம்பர் 24-ல், அர்க்கன்சாஸின் லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் அனுப்ப ராணுவத்தை இறக்கினார்.

அதைவிட நெருக்கமானது 1955. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்துக் கேனன் தெரு ஒய்எம்சிஏ அணி, கறுப்பினச் சிறுவர்கள். அவர்களோடு ஆடமாட்டோம் என்று மாநிலத்தின் வெள்ளையர் லீக்குகள் கூண்டோடு விலகின. ஆளில்லாமல் ஜெயித்துக்கொண்டே போனார்கள். ஆடாமல் முன்னேறிய அணி அடுத்த கட்டத்தில் ஆடக் கூடாது என்று விதிப்புத்தகத்தைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். வில்லியம்ஸ்போர்ட்டுக்கு விருந்தினராக அழைத்தார்கள். மைதானத்தில் இறங்கிப் பயிற்சி செய்தார்கள், "அவர்களை ஆடவிடுங்கள்" என்று கூட்டம் கத்தியது, பிறகு அரங்கில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தார்கள். மான்டெர்ரே பையன்கள் அதே மைதானத்துக்குத்தான் இரண்டு வருஷம் கழித்து வந்தார்கள். எளியவர் அணி என்று பேசும்போது இந்த அணியையும் சேர்த்துப் பேசுங்கள். ஆடவிட்டால்தானே ஜெயிப்பதும் தோற்பதும்.

படச்சுருள்

இது தெரியாது. கட்டாயம் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. படத்துக்கு முன் பள்ளி மைதானத்தில் கோடு போட்டு ஓடவிட்டுக் காட்டலாம் என்று நினைக்கிறோம். அளவு?

மூன்றாம்பேஸ்

இரண்டு அளவு நாடாவும் சுண்ணாம்பும் போதும், மூன்று பேர் வேண்டும்.

பேஸுக்கும் பேஸுக்கும் 60 அடி, 18.29 மீட்டர். ஹோமிலிருந்து இரண்டாம் பேஸுக்கு மூலைவிட்டம் 25.86 மீட்டர். முதலில் ஹோமைக் குறித்து மூலைவிட்டத்தை நேராக இழுத்து இரண்டாம் பேஸைக் குறியுங்கள். பிறகு ஹோமில் ஒரு நாடா, இரண்டாம் பேஸில் ஒரு நாடா, இரண்டையும் 18.29-ல் பிடித்து வலப்பக்கம் இழுத்துச் சந்திக்கிற இடம் முதல் பேஸ், இடப்பக்கம் சந்திப்பது மூன்றாம் பேஸ். கண் அளவில் செங்கோணம் போட்டால் சதுரம் கோணலாகிவிடும். பிட்ச்சர் நிற்கும் கட்டை அந்த மூலைவிட்டக் கோட்டின் மேலேயே 14.02-ல். பெரியவர்களின் 18.44-உம் பிள்ளைகளுக்குத் தெரிந்த கிரிக்கெட் பிட்ச்சின் 20.12-உம் பக்கத்தில் குறித்துவையுங்கள், 14 மீட்டரில் நிற்கும்போது எவ்வளவு கிட்டே என்று அவர்களே சொல்வார்கள்.

முதல், மூன்றாம் பேஸ் பைகள் சதுரத்துக்கு உள்ளே அடங்கவேண்டும். இரண்டாம் பேஸ் பை மட்டும் புள்ளியின் மேல் நடுவில்.

ஸ்கோர்புக்

அளவு எல்லாம் ஹோம் ப்ளேட்டின் பின் கூர்முனையிலிருந்து. முன்விளிம்பிலிருந்து எடுத்தால் 17 அங்குலம், அதாவது 43 செ.மீ., பிசகும்.

படச்சுருள்

பந்து?

மூன்றாம்பேஸ்

டென்னிஸ் பந்து. அசல் பந்து 5 அவுன்ஸ், கல் மாதிரி இருக்கும், ஹெல்மெட் இல்லாமல் வேண்டவே வேண்டாம். கிளவுஸ் இல்லாத பிள்ளைகள் இரண்டு கையாலும் பிடிக்கட்டும். மட்டையை அடித்ததும் விட்டெறிந்துவிட்டு ஓடுவார்கள், அது அடுத்தவன் முட்டியில் படும். கீழே போட்டுவிட்டு ஓடு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேட்ச்சர் மட்டை வீசும் வட்டத்துக்கு வெளியே, ப்ளேட்டிலிருந்து நன்றாகத் தள்ளியே உட்காரட்டும்.